இரண்டு கோட்டிங் கருப்பு

என் வண்டியைக் காயலான் கடையில் போடச் சொன்னவர்கள் மூன்று பேர். முதலில் என் வீட்டுக்காரர், அடுத்து கவரைப்பேட்டை எலக்ட்ரீஷியன், கடைசியாகக் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் ஆபீசர். மூவருக்கும் நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: வண்டி என்னுடையது, வாயை மூடிக்கொண்டு போ. ஆபீசரிடம் மட்டும் அதன் பின்பாதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினெட்டு வயசு வேன் அது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடி, அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதை நான் வாங்கினேன். மேலே வெள்ளை அடித்தாலும் கதவு இடுக்குகளில் இன்னும் பழைய மஞ்சள் தெரியும். கவரைப்பேட்டைக்கு மேற்கே உள்ளடங்கிய நான்கு கிராமங்களில் பதின்மூன்று பெண்களை அவரவர் வாசலிலேயே ஏற்றி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஏழு மணி ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவதும் என் வேலை. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு சின்ன ஹாரன். மூன்றாவது ஹாரன் அடித்தால் எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். அது அவர்களுக்கும் தெரியும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பத்து வருஷம் அதே தொழிற்பேட்டையில் இன்னொரு கம்பெனியில் ஒயரிங் லைனில் நின்றேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் ஒரு பெரிய பலகையில் வரிசையாகப் போட்டு, டேப் சுற்றி, முனைகளில் கிளிப்பும் வளையமும் பொருத்தி, கடைசியில் பல்பு எரிகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். எரிந்தால் பெட்டிக்குள் போகும், எரியாவிட்டால் நம்மிடமே திரும்பி வரும். நின்று நின்று கால் வீங்கி, இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று சபதம் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவள் நான். ஆகவே ஒயரைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் எனக்கே எப்படி வேட்டு வைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆவணியில் வண்டிக்கு எஃப்.சி. வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்று கொடுக்கும் நாள். எங்கள் பக்கத்தில் எஃப்.சி. என்றால் பாதிக் கல்யாணம். அதற்குப் பெயிண்ட் அடிக்காமல் போன வண்டியை நான் பார்த்ததே இல்லை. சக்கரத்துக்கு வெள்ளி, ஓரத்துக்குச் சிவப்பு, அடியில் சேஸிஸுக்குக் கருப்பு. பெயிண்டர்கள் சேற்றின் மேலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போவார்கள், எனக்கு அது ஆகாது. நானே அடியில் சாக்கு விரித்துப் படுத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, குறுக்கே வந்த கிளிப், கேபிள் எல்லாவற்றையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, இரண்டு அங்குல பிரஷ்ஷால் இரண்டு கோட்டிங் கருப்பு அடித்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டினேன். இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, புது வண்டி கணக்கா வச்சிருக்கியே!" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரி யாரென்றே தெரியாமல், அவளிடமும் சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் வம்பு தொடங்கியது.

கவரைப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் மாட்டினால் இன்ஜினை அணைத்துவிடுவது என் பழக்கம். சும்மா நின்று டீசல் குடிப்பானேன்? அன்றைக்கும் அணைத்தேன். ரயில் போனது, கேட் தூக்கியது, சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகள் மொத்தமாக அணைந்தன. ஹாரனை அழுத்தினேன், மூச்சில்லை. ஹெட்லைட் இல்லை. மறுபடி திருப்பினேன், இப்போது அந்த "டக்"கும் இல்லை.

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அலற விட்டான். பதின்மூன்று பேரும் இறங்கி, சாப்பாட்டுப் பையை சீட்டில் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். என் வண்டி மாதிரி பழைய டீசலுக்கு ஸ்டார்ட் ஆவதற்குத்தான் கரண்ட் வேண்டும், ஓட ஆரம்பித்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். இரண்டாவது கியரில் போட்டு, கொஞ்சம் வேகம் வந்ததும் கிளட்சை விட்டேன். உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. பைக்கில் நின்ற ஒருவன், "இன்னா, தள்ளு மாடலா?" என்று சிரித்தான்.

"ஆமாய்யா! பல்லைக் காட்டிக்கினு நிக்கிறதுக்கு நீயும் வந்து ஒரு கை குடேன்!" என்று எங்கள் வாயாடி கத்தினாள். பதின்மூன்று பேரில் இளையவள் அவள்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம். வேன் வாசலில் ஏற்றிக்கொண்டு வாசலில் இறக்கிவிடுவதால்தான் அவளுடைய மாமனார் அவளை வேலைக்கு அனுப்புகிறார். அதை அவளே தினம் ஒரு தரமாவது சொல்லிக் காட்டுவாள்.

கவரைப்பேட்டையில் ரோட்டோரம் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போனேன். நல்ல மனுஷன்தான், டபாய்க்கத் தெரியாதவன். முதலில் பேட்டரி போய்விட்டது என்றான், புதுசு போட்டோம். நான்கு நாள் ஜம்மென்று ஓடியது. ஐந்தாம் நாள் ஒரு வாசலில் "டக்". அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பிரித்துத் துடைத்து மாட்டினான். அதற்கு மூன்று நாள் ஆயுசு. பிறகு டைனமோ சரியாக சார்ஜ் ஏற்றவில்லையோ என்று அதையும் பார்த்தான், அதில் குற்றமே இல்லை. ஒவ்வொரு தடவையும் வண்டி அவன் கடையிலிருந்து ராஜா மாதிரி கிளம்பும், சில நாளில் நடுரோட்டில் என் மானத்தை வாங்கும்.

வாயாடி ஒரு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினாள். "இன்ஸ்பெக்டரு புது வண்டின்னு சொன்னாரு, புது வண்டின்னு சொன்னாருன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சியேக்கா. கண்ணு பட்டுடுச்சு" என்றாள். அந்த எலுமிச்சம்பழம் வாடும் வரைக்கும்கூட வண்டி தாங்கவில்லை.

கடைசியில் எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "யக்கா, இனிமே ஒவ்வொண்ணா பாத்துக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது. வயரிங் உள்ள உளுத்துப் போய்க்கீது. மொத்தமா மாத்தணும். இல்லன்னா இந்தப் பேஜாரே வேணாம், காயலான் கடையில போட்டுட்டு வேற வண்டி பாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள், லாரி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "உனக்குக் கண்டுபுடிக்கத் தெரியலன்னு சொல்லு! வண்டி மேல இன்னாத்துக்குப் பழியைப் போடற? எஃப்.சி. இன்ஸ்பெக்டரே குனிஞ்சு பாத்துட்டு புது வண்டின்னு சொன்னாரு. பேட்டரிய மாத்தின, மோட்டாரைப் பிரிச்ச, ஒண்ணும் கிழிக்கல. இப்ப வண்டி கெழடா? நீ தொழில் கத்துக்கினியா, இல்ல சும்மா ஸ்பேனரைத் தூக்கிக்கினு சுத்தறியா?"

அவன் "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அவனும் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்குள் மூன்று தடவை ஏழு மணி சைரன் அடித்த பிறகு கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தோம். மூன்றாம் தடவை ஒரு வெள்ளிக்கிழமை. டிரான்ஸ்போர்ட் ஆபீசர் கேட்டருகிலேயே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு புது பஸ். ஏசி, கருப்புக் கண்ணாடி, டயரில் சேறு படவில்லை.

"ஏம்மா, உன் வண்டி மியூசியத்துல நிக்க வேண்டியது. லைன்ல பதிமூணு ஆள் இல்லன்னா எனக்கு மேலேர்ந்து திட்டு விழுது. திங்கக்கிழமை கடைசி சான்ஸ். அன்னிக்கு லேட்டா வந்தா, செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இந்த பஸ்தான்."

"இது ஊருக்குள்ள வருமா சார்?"

"இவ்ளோ பெரிய பஸ் அந்தச் சந்துக்குள்ள எப்படிம்மா வரும்? ஹைவேல நிக்கும். அவங்க நடந்து வந்து ஏறிக்கட்டும்."

நடந்து வந்து ஏறுவதாம்! விடியாத நேரத்தில், மழைச் சேற்றில், விளக்கில்லாத ஏரிக்கரை மேல் மூன்று கிலோமீட்டர். ஆபீசர் ஒரே ஒரு நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கரையில் நடந்து பார்த்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. அன்று சாயங்காலம் திரும்பும்போது வாயாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க மாமனாரு ஹைவேக்கெல்லாம் அனுப்ப மாட்டாருக்கா. திங்கக்கிழமையோட என் வேலை முடிஞ்சுது." அவள் குரலில் கிண்டல் இல்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த ரூட் போனால் எனக்கு வேறு ரூட் யாரும் தரப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தால் கோபம்தான் ஜெயிக்கும். "எவ சொன்னா முடிஞ்சுதுன்னு? திங்கக்கிழமையும் நான்தான் வருவேன், செவ்வாக்கிழமையும் நான்தான் வருவேன். கம்முனு குந்து" என்று அதட்டினேன். எப்படி வரப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை முழுக்க எங்கேயும் இன்ஜினை அணைக்காமல் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும், வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெல்லும் தண்ணீரும்.

"இத்த வித்துட்டு நிம்மதியா இருன்னு சொன்னா கேக்கறியா? இப்ப இதுல நானும் மாட்டிக்கினேன்" என்று முனகினார்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்யா. நான் சொல்றப்ப சாவியைத் திருப்பு, வண்டியில இன்னா நடக்குதுன்னு சொல்லு, அது போதும்."

ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டேன். லைனில் பத்து வருஷம் நம்பிய பல்பு இதுதான், இன்றைக்கும் இதையே நம்பலாம் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் சாமான்களை விட்டுவிட்டு வழியைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் மோட்டாருக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். எங்கேயோ வழியில் அதை எதுவோ மறிக்கிறது. டாஷ்போர்டு விளக்கு எரிகிற அளவுக்கு விடுகிறது, மோட்டார் மொத்தமாகக் கேட்கும்போது இல்லை என்று கையை விரிக்கிறது.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரை வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. "திருப்புய்யா!" என்றேன்.

"டக்". "எல்லாம் அணைஞ்சிடுச்சு" என்று உள்ளேயிருந்து சொன்னார். ஆனால் என் கையிலிருந்த பல்பு கொஞ்சம்கூட மங்கவில்லை. புதுப் பேட்டரி அவ்வளவையும் வைத்துக்கொண்டு தயாராகத்தான் நிற்கிறது, வண்டிக்குள்தான் அது போய்ச் சேரவில்லை. அடுத்து ஒரு ஒயரை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளின் முனையில் வைத்து, இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸில் வைத்தேன். "திருப்பு!" மறுபடி "டக்". பல்பு அப்படியே எரிந்தது. போகிற வழி சுத்தம். மிச்சம் இருப்பது திரும்பி வருகிற வழி.

திரும்பி வருவதற்குத் தனியாக ஒயர் கிடையாது, வண்டியின் இரும்பு உடம்பே அதற்கு வழி. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வந்து, சேஸிஸில் பூட்டியிருக்கும் ஒரு தடித்த கேபிள் வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குள் போகும். அந்தக் கேபிளை எர்த் என்போம். ஒரு ஒயரைப் பேட்டரியின் பிளஸ்ஸில் பிடித்துக்கொண்டு, சாக்கின் மேல் படுத்து, இன்னொரு ஒயரைச் சேஸிஸில் வைத்து அழுத்தினேன். பல்பு எரியவில்லை. மாட்டிக்கொண்டாயா திருடா என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் அழுத்தினேன். ம்ஹூம். அப்புறம்தான் புத்தி வந்தது. அடி கூறுகெட்டவளே, பெயிண்ட்டின் மேல் வைத்தால் எப்படி எரியும்? ஸ்க்ரூ டிரைவரால் நன்றாகச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும் அதில் வைத்தேன். எரிந்தது. "திருப்பு!" என்றேன். "டக்". பல்பு செத்துப்போனது.

"இன்னா ஆச்சு? சத்தத்தையே காணோம், உயிரோட கீறியா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

என் கையிலிருக்கும் ஒயராலேயே நான் அடித்த பெயிண்ட்டைத் தாண்ட முடியவில்லை. அப்படியானால் அந்த எர்த் கேபிள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? கொஞ்சம் உள்ளே நகர்ந்து அது பூட்டியிருந்த போல்ட்டைப் பார்த்தேன். பளபளவென்று, இறுக்கமாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஸ்பேனரைப் போட்டுக் கழற்றினேன். கேபிள் முனையின் வளையத்துக்கு அடியில், இன்ஸ்பெக்டர் மெச்சிய என் இரண்டு கோட்டிங் கருப்பு, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. போல்ட்டின் மரையில் மட்டும் செக்கச்செவேலென்று துரு.

எஃப்.சி.க்காகக் கேபிளைக் கழற்றி வைத்துப் பெயிண்ட் அடித்தவள் நான். காய்ந்த பிறகு அந்தப் பெயிண்ட்டின் மேலேயே வளையத்தை வைத்துப் பூட்டியவளும் நான். மழை வரும் வரை போல்ட்டின் மரை வழியாகக் கரண்ட் எப்படியோ திரும்பிக்கொண்டிருந்தது. மரை துருப்பிடித்ததும் அதுவும் அடைபட்டது. எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் கேபிள் அசைந்து, மரை கொஞ்சம் உரசி, வண்டிக்கு மூன்று நான்கு நாள் உயிர் வந்திருக்கிறது.

லைனில் நான் ஒயர் முனையில் வைத்து அழுத்திய எர்த் வளையங்களுக்குக் கணக்கே கிடையாது. எல்லாம் பல்பு எரிந்து பாஸானவை. ஆனால் அந்த வளையம் பெட்டியில் ஏறிப் போன பிறகு எங்கே போகிறது, எந்த இரும்பின் மேல் உட்காருகிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. எங்கள் வேலை வளையத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பதை எங்களுக்கு யாரும் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒயரைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று திமிரோடு திரிந்தவளுக்கு ஒயர் முடிகிற இடம் தெரியவில்லை. சாக்கின் மேல் படுத்தபடியே அழுதேன். வெட்கத்தில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன?

வீட்டுக்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். நான் வளையத்தைக் காட்டினேன். "இன்ஸ்பெக்டரு இன்னா சொன்னாரு? புது வண்டி கணக்கா வச்சிருக்கன்னா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிச்சது போதும், அந்த உப்புத்தாளை எடுய்யா."

வளையம் உட்காரும் இடத்தை வெள்ளி மாதிரி மின்னும் வரை தேய்த்தேன். வளையத்தையும் தேய்த்தேன். மரையைச் சுத்தம் செய்து, இரும்போடு இரும்பாக இறுக்கிப் பூட்டி, மேலே வாசலைன் தடவினேன். நானே போய் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். திருப்பின வேகத்தில் வண்டி எழுந்தது. அணைத்தேன், திருப்பினேன். அணைத்தேன், திருப்பினேன். பத்து தடவைக்கு மேல் செய்தேன், வீட்டுக்காரர் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "இத்த வெளிய சொல்லாத. எலக்ட்ரீஷியன் சரியா மாட்டலன்னு சொல்லிடு. நீதான் கெடுத்தன்னு ஆபீசருக்குத் தெரிஞ்சா, அதையே சாக்கா வச்சி ரூட்டைப் புடுங்கிடுவாரு."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் அந்த நிமிஷம் அப்படிச் சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷனை நான் ஊர் பார்க்கக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். அதே டீக்கடை, அதே கூட்டம். அன்றைக்குக் கத்தின அதே குரலில் சொன்னேன். "எல்லாரும் கேட்டுக்குங்க! தப்பு இவன் மேல இல்ல, என் மேல. எர்த் பூட்டற எடத்துல பெயிண்ட் அடிச்சி கெடுத்தது நான்தான். அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிக்கப்பா. ஆனா வயரிங் உளுத்துப் போச்சுன்னு நீ சொன்னியே, அது மட்டும் தப்பு. என் வண்டி வயரிங் நல்லா கீது."

அவன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தான். "நானும் பாத்தேன்க்கா. டைட்டா இருந்துச்சு, பளபளன்னு இருந்துச்சு. இங்க ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சிட்டேன்" என்றான். உள்ளே போய்ப் பல் வைத்த வாஷர் ஒன்றைக் கொண்டுவந்து, போல்ட்டைக் கழற்றி அவனே மாட்டிவிட்டான். "இது இரும்பைக் கடிச்சிக்கினு நிக்கும், நவுராது" என்றான்.

திங்கட்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பதின்மூன்று பேரும் சாமி கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் இன்ஜினை அணைத்தேன்.

"யக்கா! இன்னாத்துக்கு அணைச்ச?" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். வாயாடி எழுந்தே நின்றுவிட்டாள். "உனக்கு மூளை கீதா இல்லையா? நின்னுட்டா என் பொழப்பு இன்னா ஆவறது?"

"இத்தனை நாளா இந்தக் கேட்ல அணைச்சிக்கினுதான் இருந்தேன், இன்னிக்கும் அணைப்பேன். பயந்துக்கினு ஓட்டறதுக்கு எனக்கு ஒரு வண்டி வேணாம்" என்றேன். வாய்தான் பேசியது, சாவியை விட்டு விரலை எடுக்கவில்லை. ரயில் போய் முடியவில்லை, போய்க்கொண்டே இருந்தது. கேட் தூக்கியதும் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது. பின்னால் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் பைக்கில் நின்றவன் மிரண்டு போனான்.

கம்பெனி வாசலுக்குப் போனபோது சைரனுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஆபீசர் நின்றிருந்தார், புது பஸ்ஸும் நின்றிருந்தது. "பரவால்லையே. இன்னாம்மா ரிப்பேரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த மெக்கானிக்கு சரியில்ல சார்" என்று இரண்டு மூன்று பேர் எனக்காகச் சொல்லிவிட்டார்கள்.

"இல்ல சார். மெக்கானிக்கு மேல தப்பில்ல. எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கறப்ப எர்த் மேலயும் அடிச்சிட்டேன். நான்தான் கெடுத்தேன்."

ஆபீசர் முகம் மாறியது. "அப்போ மூணு நாள் லேட்டானது உன் தப்பால. அதுக்கே ரூட்டைக் கேன்சல் பண்ணலாம், தெரியுமா?"

"பண்ணுங்க சார். ஆனா வண்டி பழசுன்னு எழுதிப் பண்ணாதீங்க, என் தப்புன்னு எழுதிப் பண்ணுங்க. கெடுத்தது நான்னு நானே கையெழுத்து போட்டுக் குடுக்கறேன். கண்டுபுடிச்சி சரி பண்ணதும் நான்னு அதுக்குக் கீழயே எழுதுவேன். ரெண்டும் ஒரே பேப்பர்ல இருக்கணும்."

அவர் பஸ்ஸைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். பதின்மூன்று பேரும் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்திகூட கேட்டுக்குள் போகவில்லை. யாரும் அவர்களிடம் நிற்கச் சொல்லவில்லை.

"உள்ள போங்கம்மா, சைரன் அடிக்கப் போவுது" என்றார் ஆபீசர்.

"நீங்க பதில் சொல்லுங்க சார், போறோம்" என்றாள் வாயாடி. "நாளைக்கு எங்க ஊட்டாண்ட வரப்போறது யாரு?"

தன் வேலை போனாலும் போகட்டும் என்று நிற்கிறாள், என்னைவிடத் திமிர் பிடித்தவளாக. லைனில் பதின்மூன்று இடம் காலியாக இருந்தால் மேலேயிருந்து யாருக்குத் திட்டு விழும் என்பது ஆபீசருக்கு நன்றாகவே தெரியும். "லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. இனிமே லேட்டாச்சுன்னா பாத்துக்கறேன். போங்க, எல்லாரும் போங்க" என்றார். அவர்கள் ஓடினார்கள், சைரன் அடித்தது. நான் பானட்டின் மேல் பேப்பரை வைத்து, தூறலில் எழுத்து கலைந்துவிடாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, இரண்டு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டியைத் திருப்ப இடமில்லை, பஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "பஸ்ஸைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கச் சொல்லுங்க சார்" என்றேன். எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஏரிக்கரையெல்லாம் தண்ணீர். வாயாடியின் வீட்டு வாசலில் அவளுடைய மாமனார் குடையோடு நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜினை அணைத்தேன். இரண்டு சின்ன ஹாரன் அடித்தேன். அவள் ஓடி வந்து ஏறினதும் சாவியைத் திருப்பினேன்.